ஆச்சியைச் சாட்சிக்கூண்டில் ஏற்றாதீர்

பேசாலை ஆச்சி பத்துப் பிள்ளை பெற்றாள், அவள் எந்த லேபலைப் படித்தாள் என்பதுதான் நம் கட்டுரையாளரின் துருப்புச்சீட்டு. கருவுற்ற பெண்கள் நுளம்புத்திரி, வெள்ளையாக்கும் கிறீம், பைக்கற் மஞ்சள்தூள், வாசனைப் பவுடர் ஆகியவற்றில் கொஞ்சம் விழிப்பாக இருப்பது நல்லது என்று யாரோ சொல்லப்போக, அன்னாருக்கு அறச்சீற்றம் மூண்டுவிட்டது. இது மேற்கிலிருந்து இறக்குமதியான பீதி என்று தொடங்கி, கொழும்பு ஹோட்டல்களில் செயலமர்வு நடத்துவோரின் பிழைப்பு என்று முடித்து, நடுவில் ஆறேழு வாதங்களை உதிர்த்திருக்கிறார். பெயரைச் சொல்லி அவருக்கு வாசகர் சேர்த்துக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. தவிரவும், இந்த வாதங்கள் அவருக்குச் சொந்தமானவையும் அல்ல. மன்னார் பஸ் நிலையத் தேநீர்க்கடையில் நின்றால் ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள் அத்தனையையும் கேட்டுவிடலாம். அங்கே சொல்பவர்கள் அதற்கு ஆய்வுக்கட்டுரை என்று பெயர் வைப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆச்சியிடமே போவோம். பத்துப் பெற்றாள், சரி. எத்தனை பேரைப் புதைத்தாள்? 1935இல் இந்த நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 260க்கு மேற்பட்டவை முதற் பிறந்தநாளைக் காணவில்லை. அந்தக் காலத்தில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை முப்பதை ஒட்டி நிற்கிறது. தப்பிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் மட்டுமே கட்டுரை எழுத வருகிறார்கள் என்பதால், எல்லோருமே தப்பிப் பிழைத்தார்கள் என்று முடிவுகட்டுவது எந்த ஊர்த் தருக்கம்? பேசாலைச் சேமக்காலையின் சிறிய சிலுவைகளும் எருக்கலம்பிட்டி மையவாடியின் சின்னக் கபுறுகளும் இவரது தரவுத்தொகுதியில் சேரவில்லை. அவை எதிர்வினை எழுதா என்ற துணிச்சல் போலும்.

சரி, ஆச்சியின் கணக்கு எப்படியோ போகட்டும். இவர் காக்கப் புறப்பட்டிருக்கும் பொருட்கள் ஆச்சியினுடையவையா? அவள் புகைத்தது வேப்பிலையும் தேங்காய்த்தும்பும். (அந்தப் புகையும் அமிர்தமன்று, அது தனிக்கதை.) நுளம்புத்திரியோ ஜப்பானியச் சரக்கு. உயெயாமா எயிச்சிரோ என்ற வியாபாரி 1890இல் குச்சியாகச் செய்தார். குச்சி சீக்கிரம் எரிந்து தீர்ந்ததால், சுருளாகச் செய்தாலென்ன என்று அவர் மனைவி யூக்கி சொன்ன யோசனைப்படி 1902இல் சுருள் சந்தைக்கு வந்தது. அதில் அன்று இருந்தது ஒரு பூவின் தூள். இன்று இருப்பது அலெத்திரின் முதலான செயற்கை மருந்துகள், அவற்றில் மூத்ததே 1949இல்தான் அமெரிக்க ஆய்வுகூடத்தில் பிறந்தது. ஆக, மேற்கின் பீதியை எதிர்ப்பதாகச் சொல்லும் நம் பண்பாட்டுக் காவலர் காவல் நிற்பது ஜப்பானியச் சுருளுக்கும் அமெரிக்க இரசாயனத்துக்கும். பீதி மட்டும்தான் அந்நியம், பொருள் எல்லாம் சுதேசி.

அடுத்து நுளம்பு. இங்கேதான் இவர் குரலை உயர்த்துகிறார்: மன்னாரில் மலேரியா எத்தனை உயிரைக் குடித்தது தெரியுமா, புகைக்குப் பயந்து தாயை நுளம்புக்குத் தின்னக் கொடுப்பதா என்று. தெரியும் ஐயா. கர்ப்பத்தில் வரும் மலேரியா தாயின் குருதியைக் கெடுத்துக் குழந்தையின் எடையைக் குறைக்கும் என்பதும் தெரியும். அதை உங்களுக்குச் சொல்லித் தந்ததே நீங்கள் ஏளனம் செய்யும் அந்த விஞ்ஞானம்தான். ஆனால் மலேரியாவை இந்தத் தீவிலிருந்து வெளியேற்றியது நுளம்புத்திரியா? இரத்தப்பூச்சு எடுத்து, மருந்தடித்து, நுளம்புவலை கொடுத்து, பல பத்தாண்டுகள் வீடுவீடாக அலைந்த மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியர்கள் வெளியேற்றினார்கள். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல். உலக சுகாதார நிறுவனத்தின் சான்று 2016 செப்டெம்பரில். அந்தச் சான்றின் மை காயுமுன், அதே ஆண்டு டிசெம்பரில், நாட்டில் அதுவரை காணப்படாத அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்ற இந்திய நகரத்து மலேரியா நுளம்பு அகப்பட்டது. எங்கே? இந்த மன்னார்த் தீவில்தான், நாம் குளிக்கும் கிணறுகளில்தான். புழுவைத் தேடிக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த ஒருவரால் அது அகப்பட்டது. திரி கொளுத்திவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்த எவராலும் அல்ல. இந்த நுளம்போ திரிக்குள் இருக்கும் பைரெத்ரொயிட் வகை மருந்துகளுக்குப் பல நாடுகளில் ஏற்கெனவே பழகிப்போனது.

அந்தத் திரி தாய்க்குக் கொடுப்பது என்ன? 2003இல் வெளியான ஆய்வொன்று சீன, மலேசியத் திரிகளை எரித்து அளந்தது. ஒரு திரி முழுதாக எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகளின் நிறை, 75 முதல் 137 சிகரெட் எரித்ததற்குச் சமம். போமல்டிகைட்டு 51 சிகரெட் அளவுக்கு எட்டக்கூடும். திரியில் நிக்கொற்றின் இல்லை, சிகரெட்டை இழுப்பதுபோல் யாரும் திரியை வாயில் வைத்து இழுப்பதுமில்லை. ஆகவே திரி என்றால் சிகரெட் என்று நான் சொல்லமாட்டேன், அந்த மாதிரிக் குதிரைப் பாய்ச்சலை நம் நண்பருக்கே விட்டுவிடுகிறேன். ஆனால் கதவு யன்னல் சாத்திய பத்தடி அறையில், தகரக் கூரைக்குக் கீழ், ஒன்பது மாதம் இரவிரவாக அந்தப் புகையை மூச்சாக இழுப்பவளுக்கு ஒன்றுமே ஆகாது என்று உறுதி சொல்ல இவருக்கு எந்த அளவுகோல் கிடைத்தது? வலை கட்டுங்கள், யன்னலுக்குக் கம்பிவலை அடியுங்கள், கிணற்றை மூடுங்கள் என்றால் அது புகையுமில்லாத, நுளம்புமில்லாத வழி. இரண்டிலொன்றைத் தேர்ந்தெடு என்று தாயை மிரட்டுபவர் மூன்றாவது வழியை மறைக்கிறார் என்றால், அவர் யாருக்காக மறைக்கிறார்?

இனி அவருக்கு மிகவும் பிடித்த பழமொழி: அளவுக்கு மிஞ்சினால்தான் நஞ்சாம், இந்தப் பொருட்களில் இருப்பது துளியிலும் துளியாம். பழமொழியை நச்சியலாக்கிய முதல் அறிஞர் இவராக இருக்கக்கூடும். ஈயத்தை எடுத்துக்கொள்வோம். குழந்தையின் குருதியில் ஒரு டெசிலீற்றருக்கு 60 மைக்ரோகிராம் வரை கவலையில்லை என்று 1960களில் அமெரிக்கா சொன்னது. 1971இல் அது 40 ஆயிற்று, 1975இல் 30, 1985இல் 25, 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5. ஒவ்வொரு படியிலும் உங்களைப் போன்ற ஒருவர் நின்று, இப்போது இருக்கும் அளவு பாதுகாப்பானதே என்று சத்தியம் செய்திருப்பார். கடைசியில் உலக சுகாதார நிறுவனம், ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று அறியப்பட்ட ஒன்று இல்லவேயில்லை என்கிறது. அதைவிடக் கொடிய சூது ஒன்று உண்டு: ஈயம் எலும்பில் பதுங்கும். கருவிலுள்ள பிள்ளைக்குக் கல்சியம் கொடுக்கத் தாயின் எலும்பு கரையும்போது, அவள் சிறுமியாக இருந்த காலத்தில் உள்ளே போன ஈயமும் கூடக் கிளம்பி நஞ்சுக்கொடியைத் தாண்டும். இன்று தின்ற துளியை மட்டும் அளந்து தீர்ப்புச் சொல்பவர், இருபது வருடத்துச் சேமிப்பை எந்தக் கணக்கில் எழுதுவார்?

உடனே மஞ்சள் வரும் பாருங்கள். இயற்கையான மஞ்சளையுமா சந்தேகிப்பீர்கள் என்று அவர் கண்ணீர் வடிக்கிறார். மஞ்சள்செடியைச் சந்தேகிக்க எனக்குப் பைத்தியமா? செடிக்கும் பைக்கற்றுக்கும் நடுவில் இருக்கும் மனிதரைத்தான் சந்தேகிக்கிறேன். பங்களாதேசத்தின் கிராமங்களில் கருவுற்ற பெண்கள் பலரின் குருதியில் ஏன் ஈயம் மிகுந்திருக்கிறது என்று ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் டாக்காவின் ஐசிடிடிஆர்,பி நிறுவனமும் தேடின. தொழிற்சாலை இல்லை, வாகன நெரிசல் இல்லை. ஈயத்தின் ஐசோடோப்பு அடையாளத்தை ஒப்பிட்டபோது 2019இல் விடை கிடைத்தது: மஞ்சள். வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய கிழங்கைப் பளபளப்பாக்க 1980களில் தொடங்கிய வழக்கம். பூசப்பட்டது ஈயக் குரோமேற்று, தளபாடங்களுக்கு மஞ்சள் வண்ணம் கொடுக்கும் அதே நிறப்பொருள். பட்னா, கராச்சி, பெஷாவர் சந்தைகளின் சில மாதிரிகளில் ஈயம் கிராமுக்கு 1000 மைக்ரோகிராமைத் தாண்டியதென 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

மன்னாருக்கும் மஞ்சளுக்கும் உள்ள அண்மைக்காலக் காதலை நான் நினைவூட்ட வேண்டுமா? 2019 டிசெம்பரில் மஞ்சள் இறக்குமதிக்குத் தடை வந்தது. அடுத்த ஆண்டே விலை கிலோ ஆயிரங்களில் ஏறியது. மண்டபம் பக்கத்திலிருந்து படகேறிய மூட்டைகள் தலைமன்னார் தொடங்கிச் சிலாவத்துறை வரை இரவில் கரை தொட்டன. கடற்படை பிடித்ததைச் சுங்கம் எரித்தது. பிடிபடாதது எங்கே போயிற்று? கறிச்சட்டிக்கும், பிள்ளைப்பேற்றுக்குப் பின்னான சரக்குக்கறிக்கும் போயிற்று. அதே நாட்களில் மாவும் சாயமும் கலந்த மஞ்சள்தூளை நுகர்வோர் விவகார அதிகாரசபை பிடித்துக்கொண்டிருந்தது. கடல்வழி வந்த அந்த மஞ்சளில் ஈயம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. மூட்டையின் எடையையும் பெறுமதியையும் அறிவிக்கத் தெரிந்த அரசுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் அக்கறை ஏன் வரவில்லை என்று கேட்கிறேன். அரசு வருமானத்துக்கு வந்த கேடு தெரிந்த கண்ணுக்குக் கருவுக்கு வரக்கூடிய கேடு தெரியவில்லை. நம் கட்டுரையாளரின் கண்ணும் அதே வைத்தியரிடம்தான் மூக்குக்கண்ணாடி வாங்கியிருக்கிறது.

ஆனால் நஞ்சுக்கொடி இருக்கிறதே, அது இயற்கை கட்டிய கோட்டை மதில், தீயதை உள்ளே விடாது என்கிறார். இந்த வசனத்தை 1955இல் எழுதியிருந்தால் மருத்துவப் பேராசிரியர்களே கைதட்டியிருப்பார்கள். 1957இல் ஜெர்மனியில் சந்தைக்கு வந்த தலிடோமைட்டு என்ற தூக்க மருந்து, 1961 நவம்பரில் மீளப்பெறப்படுமுன் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கை கால் குறுகப் பிறக்க வைத்தது. கருவுற்ற நாட்களில் ஏறத்தாழ இரு கிழமை இடைவெளிக்குள் விழுங்கிய சில மாத்திரைகள் அதற்குப் போதுமாயிருந்தன. ஜப்பானின் மினமாத்தாவில் தொழிற்சாலைப் பாதரசம் மீனில் ஏறி, மீனிலிருந்து மீனவக் குடும்பங்களில் ஏறியபோது, பெரிய நோய்க்குறி எதுவுமில்லாத தாய்மார் மூளை சிதைந்த பிள்ளைகளைப் பெற்றார்கள். நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என்று படித்தவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, ஹராதா மசசூமி என்ற இளம் மருத்துவர் வீடுவீடாகப் போனார். பிறந்த பிள்ளையின் தொப்புள்கொடியை உலர்த்திப் பெட்டியில் பத்திரப்படுத்துவது அந்த ஊர் வழக்கம். பின்னாளில் அந்தக் காய்ந்த கொடிகளில் பாதரசத்தை அளந்து காட்டினார். மதில் இருக்கவில்லை, வாசல்தான் இருந்தது. மீனவத் தாய்மாரின் கதை மீன் தின்னும் இன்னொரு கரையில் வாழ்பவருக்குத் தெரியாமற் போனது ஆச்சரியம்தான்.

மீன் என்றதும் ஞாபகம்: மீனையும் தின்னாதே என்று இவர்கள் சொல்வார்கள் என எங்கள்மேல் ஒரு பழி. யார் சொன்னது? சூடை, கீரி, நெத்தலி போன்ற சிறுமீன்களில் பாதரசம் குறைவு, கருவுற்றவள் தாராளமாகத் தின்னலாம். வயதேறிய பெருஞ்சுறா போன்ற வேட்டை மீன்களில்தான் அது சேரும். எதிராளி சொல்லாததை அவர் வாயில் திணித்துவிட்டு அதை வெட்டிச் சாய்ப்பது எளிய வீரம்.

கடையில் விற்கிறார்கள் என்றால் அரசு பரிசோதித்துத்தானே விட்டிருக்கும் என்பது இவரது அடுத்த கண்டுபிடிப்பு. இதே அரசைப் பற்றி இவர் வேறிடங்களில் எழுதியதை வாசித்தவர்கள் சிரித்திருப்பார்கள். 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அழகுசாதனப் பொருட்களையும் மருந்துகளையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது. அதை நீக்கிவிட்டு வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளையும் மருத்துவ சாதனங்களையும் பற்றியது. முகத்தில் பூசும் கிறீம் அந்தரத்தில் நின்றது. அழகுசாதனங்களில் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாத்தா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது என்பது உண்மை. உற்பத்தியாளர் பெயரோ உட்பொருட் பட்டியலோ இல்லாத டப்பாக்கள் புறக்கோட்டையிலிருந்து பஸ்ஸேறி வடக்கே வருகின்றன என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் இவர் பரிசோதனை என்கிறார் போலும். அரசை விடுங்கள், பெருங்கம்பனியாவது ஒரே நீதி வைத்திருக்கிறதா? ஜோன்சன் அன்ட் ஜோன்சன் தன் டால்க் குழந்தைப் பவுடரின் விற்பனையை அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறுத்தப்போவதாக 2020இல் அறிவித்தது, பவுடர் பாதுகாப்பானதே என்று சொல்லிக்கொண்டே. எஞ்சிய உலகுக்கு அந்த முடிவு வர 2023 ஆயிற்று. நடுவில் போன ஆண்டுகளில் நம் பிள்ளைகளின் தோல் வேறு தோலா?

பாதரசம் கலந்த கிறீமின் வேலை என்னவென்று கேரளத்தின் கோட்டக்கல் சொல்லும். 2021 யூலையிலிருந்து 2023 செப்டெம்பர் வரை அங்குள்ள சிறுநீரக மருத்துவர்கள் ஒருவகைச் சிறுநீரக நோயில் 22 பேரைப் பார்த்தார்கள். 15 பேரிடம் அரிதான ஒரே குறிப்பான் இருந்தது. அவர்களில் 13 பேர் வெள்ளையாக்கும் கிறீம் பூசியதாகச் சொன்னார்கள். அந்த நோயின் அடையாளம் சிறுநீரில் புரதம் போவது. இனி எண்ணிப் பாருங்கள்: கிளினிக்கில் கருவுற்ற பெண்ணின் சிறுநீரில் புரதம் கண்டால் வைத்தியருக்கு முதலில் என்ன தோன்றும்? கர்ப்பகால உயர் குருதியமுக்கம் தோன்றும், அது சரியான சந்தேகமே. முகத்தில் என்ன பூசுகிறாய் பிள்ளை என்று கேட்கும் எண்ணம் எத்தனை பேருக்கு வரும்? கலிபோர்னியாவில் நடந்த விசாரணையிலோ, கிறீம் பூசாத வீட்டுக்காரர் உடலிலும், குழந்தைகள் உட்பட, பாதரசம் ஏறியிருந்தது. ஒரே துவாயும் ஒரே தலையணையும் போதுமாயிருந்தன.

இந்த இடத்தில் நம் கட்டுரையாளர் தன் முகமூடியைத் தானே கழற்றுகிறார். கிறீம் பூசுவது பெண்களின் அழகாசையாம். ஆசைக்கு வந்த வினையை அனுபவிக்கட்டுமாம். அப்படியா? மணமகள் தேவை விளம்பரத்தில் சிவந்த நிறம் கேட்பது யார்? பெண் பார்க்க வந்த வீட்டில் நிறம் குறைவு என்று சீதனத்தைக் கூட்டுவது யார்? சந்தை கேட்ட நிறத்தை ஒரு பெண் முந்நூறு ரூபாய் டப்பாவில் தேடினால் அது ஆசை; அந்த நிறத்தைக் கேட்ட மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பெயர், மரபா? கட்டுரையின் முதற்பாதியில் பயப்படாதே பெண்ணே, எதுவும் ஆகாது என்று தடவிக்கொடுத்தவர், பிற்பாதியில் ஆனால் அது உன் குற்றம் என்கிறார். எதுவும் ஆகாதென்றால் குற்றம் எங்கிருந்து வந்தது?

இதைவிட அழகான முரண் இன்னொன்று. எடை குறைந்து பிள்ளை பிறப்பதற்கு ஒரே காரணம் வறுமையும் போசாக்கின்மையுமே, இரசாயனக் கதை எல்லாம் திசைதிருப்பல் என்கிறார். நல்லது, அப்படியானால் முதற்பக்கத்து ஆச்சி என்ன செல்வச்சீமாட்டியா? ஒன்றும் இல்லாமல் பத்துப் பெற்றாள் என்று அவளை உயர்த்தியவர், நாலு பக்கம் கழித்து ஒன்றும் இல்லாமைதான் பிள்ளையைக் குறுக்குகிறது என்கிறாரே, இரண்டையும் எழுதியது ஒரே கைதானா? வறுமை பெரிய காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரும், இலவசத் திரிபோஷவும், இரும்புச்சத்து மாத்திரையும் உள்ள இந்த நாட்டில், தாய் மரணம் இந்த அளவுக்கு வீழ்ந்த பிறகும், 2500 கிராமுக்குக் குறைந்து பிறக்கும் பிள்ளைகளின் பங்கு 2016இன் குடித்தொகைச் சுகாதார ஆய்வில் சுமார் 16 சதவீதம். அதற்கு முந்திய ஆய்வுகளிலிருந்து அது பெரிதாக அசையவில்லை. காரணம் முழுதும் எனக்குத் தெரியும் என்று மார்தட்டுபவர், தெரிந்த காரணத்துக்குத் தெரிந்த மருந்து கொடுத்தும் அந்த எண் ஏன் பிடிவாதமாக நிற்கிறது என்றும் சொல்லவேண்டும். இரசாயனம்தான் அதற்கு விடை என்று நான் சொல்லவில்லை. தேடாமலே கதவைச் சாத்தாதீர்கள் என்கிறேன்.

அத்துடன், வறுமையும் இரசாயனமும் இருவேறு ஊரில் குடியிருப்பவையா? குளிரூட்டிய அறையும் கம்பிவலை போட்ட யன்னலும் உள்ளவளுக்குத் திரி வேண்டாம். மலிவு டப்பாவையும் பெயரில்லாத் தூளையும் வாங்குபவள் யார்? வாசனைக்காகச் சேர்க்கும் தலேற்றுகளைப் பற்றி, அமெரிக்காவின் 16 ஆய்வுகளில் இருந்த 6045 கருவுற்ற பெண்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை 2022இல் வந்தது; சில தலேற்றுகளின் எச்சம் சிறுநீரில் கூடக்கூட, குறைமாதப் பிரசவத்தின் வாய்ப்பும் 12 முதல் 16 சதவீதம் கூடியிருந்தது. தனியொரு தாயின் தலைவிதியைச் சொல்லும் எண் அல்ல அது. ஒரு மாவட்டத்தின் பிரசவ விடுதியில் எத்தனை கட்டில் வேண்டும் என்று சொல்லும் எண். 2025 யூனில், கேரளக் கரைக்கப்பால் மூழ்கிய கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் நம் வடகரையில் ஒதுங்கியபோது, கடலன்னையின் கருவறையில் நஞ்சு என்று உருகாத பேனா இல்லை. கடலின் கருவறைக்கு உருகும் உள்ளம், மனுசியின் கருவறை என்றதும் ஆதாரம் கேட்கிறது.

ஆதாரம்தான் இவரது கடைசி அரண்: மன்னாரில் ஒரு தாய்க்காவது இதனால் கேடு வந்ததென்று நிரூபியுங்கள் பார்ப்போம் என்று சவால் விட்டிருக்கிறார். யார் நிரூபிப்பது? விற்றவர் அல்ல, இறக்கியவர் அல்ல, அனுமதித்தவர் அல்ல. வயிற்றில் பிள்ளையோடு வரிசையில் நிற்பவள் தன் உடம்பையே சாட்சிப்பொருளாக மேசையில் வைக்கவேண்டும். அதுவரை எல்லாம் பத்திரம்.

சவாலை ஏற்கிறேன், ஒரு சிறு திருத்தத்தோடு. பங்களாதேசத்தில் அதிகாரிகள் கைக்கடக்கமான எக்ஸ்-கதிர் கருவியோடு மொத்தச் சந்தைக்குப் போனார்கள். தூளின்மேல் பிடித்தால் சற்று நேரத்தில் ஈயத்தின் அளவைச் சொல்லிவிடும். கலப்படக்காரருக்கு அந்த இடத்திலேயே தண்டம் விழுந்தது. 2019இல் 47 சதவீத மாதிரிகளில் இருந்த ஈயம் 2021இல் ஒன்றிலும் இல்லை. எந்தத் தாயும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே மன்னார்க் கடைத்தெருவில் நம் கட்டுரையாளரே தனக்கு நம்பிக்கையான கடைகளைத் தெரிவுசெய்யட்டும். ஐந்து கிறீம், ஐந்து பைக்கற் மஞ்சள்தூள். பற்றுச்சீட்டு அவர் பெயரிலேயே இருக்கட்டும், ஆய்வுகூடக் கட்டணத்தில் பாதி என்னுடையது. முடிவு எதுவானாலும் அவர் தன் பத்தியில் எண் மாறாமல் வெளியிடவேண்டும். அறிக்கை கைக்கு வரும்வரை அந்தக் கிறீமில் ஒன்றைத் தன் சொந்த முகத்தில் பூசிவருவதும் அவருக்குச் சம்மதமாகவே இருக்கும், துளியிலும் துளிதானே.